மூன்று முறை தோற்றவர்களுக்குத் தங்கம், ஒரே முறை தோற்றவர்களுக்கு வெள்ளி

2000 செப்டம்பர் 26. சிட்னியின் மேற்கே பிளாக்டவுன் மைதானம், மழை. ஒலிம்பிக் பெண்கள் சாஃப்ட்பால் இறுதி ஆட்டம் ஏழு இன்னிங்ஸில் முடியாமல் எட்டாவதுக்குப் போயிருக்கிறது. ஸ்கோர் 1–1. அமெரிக்காவின் லாரா பெர்க் அடித்த பந்து லெஃப்ட் ஃபீல்டில் உயர எழும்புகிறது. ஜப்பானின் ஷியோரி கோசெகி பின்னோக்கி ஓடுகிறார், எட்டுகிறார், கிளவுஸில் பந்து படுகிறது. நிற்கவில்லை. அமெரிக்க ஓட்டக்காரி ஹோம் பேஸைத் தொட்டுவிட ஆட்டம் 2–1 என்று முடிகிறது.

அந்தத் தொடரில் ஜப்பான் தோற்றது அந்த ஒரே ஆட்டத்தில்தான். அதற்கு முன் ஆடிய எட்டிலும் வெற்றி, அதில் ஒன்று இதே அமெரிக்காவுக்கு எதிராக. அமெரிக்காவோ அதே தொடரில் மூன்று ஆட்டங்களில் தோற்றிருந்தது. அதுவும் அடுத்தடுத்து மூன்று நாள்.

“தோல்வியிலிருந்து கற்றுக்கொள்” என்பதை எல்லாப் பள்ளி மைதானத்திலும் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதைக் கற்றுக்கொள்வது என்று சொல்வோர் குறைவு. இந்த இரண்டு அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோற்றவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள், எதைத் தவறாகப் படித்தார்கள், சரியாகப் படிக்க எத்தனை வருடம் ஆனது என்று பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். பெரியவர்களின் ஆட்டத்திலிருந்து அங்கே அப்படியே கொண்டுபோகக் கூடாத ஒன்றும் இதில் இருக்கிறது.

ஆட்டத்தைப் பற்றி நாலு வரி

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்காக: ஆளுக்கு ஏழு இன்னிங்ஸ். மூன்று பேர் அவுட் ஆனால் பக்கம் மாறும். அடித்தவர் ஓடித் தொடவேண்டிய நான்கு இடங்கள்தான் பேஸ்; கடைசியான ஹோம் பேஸைத் தொட்டால் ஒரு ரன். பந்தை எல்லைக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன்; அடித்தவரோடு பேஸில் நிற்பவர்களும் ரன் ஆவார்கள். பிட்ச்சர் கையைக் காற்றாடி மாதிரி முழு வட்டம் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடுகிறார். உலகத் தரத்துப் பெண்களின் பந்து மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டும். பேட்டர் நிற்பதோ சுமார் 13 மீட்டர் தள்ளி. யோசிக்க நேரமில்லை. அதனால் நல்ல பிட்ச்சர்கள் மோதினால் 1–0, 2–1 என்றுதான் ஸ்கோர் வரும். ஏழு இன்னிங்ஸில் முடிவு வராவிட்டால் கூடுதல் இன்னிங்ஸ். அது நீண்டுகொண்டே போனால், ஒரு கட்டத்தில் ஓட்டக்காரி ஒருத்தியை இரண்டாவது பேஸில் நிறுத்திவிட்டே இன்னிங்ஸைத் தொடங்குவார்கள். அங்கிருந்து ஒரு நல்ல அடி போதும்.

38 இன்னிங்ஸில் 2 ரன்

சிட்னிக்கு வந்தபோது அமெரிக்க அணி தொடர்ந்து ஜெயித்த ஆட்டங்களின் எண்ணிக்கை 110. நான்கு வருடம் முன்பு அட்லாண்டாவில், சாஃப்ட்பால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோது, தங்கம் வாங்கிய அணி. முதல் ஆட்டத்தில் லோரி ஹாரிகன் கனடாவுக்கு ஒரு ஹிட்கூட (அடித்துப் பேஸை எட்டும் அடி) கொடுக்கவில்லை, 6–0. அடுத்து கியூபா, 3–0. தொடர் வெற்றி 112 ஆனது.

பிறகு ஜப்பானிடம் 11 இன்னிங்ஸில் 2–1 தோல்வி. மறுநாள் சீனாவிடம் 14 இன்னிங்ஸில் 2–0. அதற்கு மறுநாள் ஆஸ்திரேலியாவிடம் 13 இன்னிங்ஸில் 2–1. அந்த மூன்றாவது ஆட்டத்தில் லிசா ஃபெர்னாண்டஸ் 25 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஆஸ்திரேலியாவுக்கு 13 இன்னிங்ஸில் அதிகபட்சம் 39 அவுட் உண்டு என்றால், அதில் 25ஐ ஒருத்தியே, பேட்டர் பந்தை மைதானத்துக்குள் அடிக்கவே விடாமல் எடுத்திருக்கிறார். கடைசியில் பீட்டா எட்போன் அடித்த ஹோம் ரன் இரண்டு ரன்னைக் கொண்டுவந்தது. அவ்வளவுதான், ஆட்டம் போய்விட்டது. ஃபெர்னாண்டஸுக்கு இது இரண்டாம் முறை. அட்லாண்டாவிலும் இதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பத்தாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் வரை ஒருத்தியையும் பேஸுக்குப் போகவிடாமல் வீசிவிட்டு, அடுத்த பேட்டரின் ஹோம் ரன்னில் 2–1 என்று தோற்றவர். அந்த ஆட்டத்தில் அமெரிக்க வீராங்கனை ஒருவர் ஹோம் ரன் அடித்த மகிழ்ச்சியில் ஹோம் பேஸை மிதிக்காமலே போய்விட்டதால் அவர் ரன் கணக்கில் வரவில்லை. கூடுதல் இன்னிங்ஸே அதனால்தான் வந்தது.

மூன்று தோல்விக்குப் பிறகு அமெரிக்கர்கள் செய்தது பிரபலமான கதை. ஏதோ சூனியம் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, சீருடையோடு ஷவருக்குள் போய் நின்று அதைக் கழுவிவிட்டார்கள். நம் வீட்டுக் கிழவி மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதன்பின் நியூசிலாந்தையும் இத்தாலியையும் வென்று, பட்டியலில் நான்காவதாக, கடைசி ஆளாக அடுத்த சுற்றுக்குள் நுழைந்தார்கள். அங்கே சீனாவைப் பத்தாவது இன்னிங்ஸில் ஸ்டேசி நூவமன் அடித்த ஹோம் ரன்னால் 3–0, ஆஸ்திரேலியாவை 1–0, இறுதியில் ஜப்பானை 2–1. தங்களைத் தோற்கடித்த மூன்று பேரையும் வரிசையாகத் தோற்கடித்துத் தங்கம்.

கதையாகச் சொன்னால் இதில் ஷவர்தான் திருப்புமுனை. கணக்கைப் பார்ப்போம். தோற்ற மூன்று ஆட்டங்களில் மொத்தம் 38 இன்னிங்ஸ். அமெரிக்கா எடுத்தது 2 ரன், கொடுத்தது 6. ஜெயித்த கடைசி மூன்றில் மொத்தம் 25 இன்னிங்ஸ். எடுத்தது 6, கொடுத்தது 1. ஆறிலும் பிட்ச்சர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வீசினார்கள். பேட்டிங் ஒன்றும் திடீரென்று மலர்ந்துவிடவில்லை. ஜெயித்த ஆறு ரன்னில் மூன்று ஒரே அடியில் வந்தவை, ஒன்று எதிரணி கேட்சை விட்டதால் வந்தது.

அந்த மூன்று தோல்வியும் அணி கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை என்பதே என் முடிவு. இரண்டு பக்கமும் பிட்ச்சர்கள் பலமாக இருந்து, கூடுதல் இன்னிங்ஸில் ஓட்டக்காரியை நிறுத்திவைத்து ஆடினால், ஆட்டம் எந்தப் பக்கமும் விழும். மூன்று முறை மறுபக்கம் விழுந்தது. பயிற்சியாளர் ரால்ஃப் ரேமண்ட் பதற்றத்தில் அணியைக் கலைத்துப்போட்டிருந்தால் அதுதான் உண்மையான சேதமாக இருந்திருக்கும். கலைக்கவில்லை. தோல்விக்குப் பிறகு எதையாவது மாற்றியே ஆகவேண்டும் என்ற அரிப்பு எல்லாப் பயிற்சியாளருக்கும் உண்டு. மாற்றாமல் இருப்பதும் ஒரு முடிவு, சில நேரம் அதுவே கடினமான முடிவு. ஷவர் செய்த வேலை வேறு. முந்தின நாள் ஆட்டத்தை முந்தின நாளிலேயே விட்டுவிட ஒரு சாக்கு வேண்டியிருந்தது, சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள்.

ஜப்பானுக்குக் கிடைக்காத இரண்டாவது வாய்ப்பு

ஜப்பான் தங்கத்தைத் தவறவிட்டதற்குப் போட்டி முறையும் ஒரு காரணம். ஐ.பி.எல். பிளே-ஆஃப் பார்ப்பவர்களுக்கு அது புதிதில்லை. முதல் இரண்டு இடங்கள் மோதும், ஜெயித்தவர் நேரே இறுதிக்கு. தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு. மூன்றாம் நான்காம் இடங்கள் மோதும், தோற்றவர் வீட்டுக்கு. சிட்னியில் நான்காவதாக வந்த அமெரிக்கா மூன்று வாழ்வா சாவா ஆட்டங்களைத் தாண்டி வந்தது. முதலிடத்து ஜப்பான் ஆஸ்திரேலியாவை வென்று நேரே இறுதிக்குப் போனது. தோற்றால் மீண்டு வரும் வசதி மற்றவர்களுக்கெல்லாம் எங்கோ ஓரிடத்தில் கிடைத்தது. தோற்காமலே வந்த ஜப்பானுக்கு அந்த வசதி தேவைப்பட்டது கடைசி நாளில்; அன்று அது இல்லை.

கோசெகியின் கேட்ச்தான் படத்தில் நிற்கிறது, எல்லோர் நினைவிலும் நிற்கிறது. ஆனால் ஜப்பான் எட்டு இன்னிங்ஸில் எடுத்தது ஒரே ரன். அதுவும் ரெய்கா உட்சுகி நான்காவது இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன். இன்னொரு ரன் இருந்திருந்தால் அந்தப் பந்து எட்டாவது இன்னிங்ஸில் லெஃப்ட் ஃபீல்டுக்கு வந்தே இருக்காது. பள்ளி அணிகளில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்: தோல்விக்கு முகம் ஒன்று தேவைப்படும்போது, கடைசியாகப் பந்தைத் தவறவிட்ட பெண்ணின் முகம் எல்லோருக்கும் வசதியாக அமைந்துவிடுகிறது. மற்ற எட்டுப் பேரும் பேட்டோடு வெறுங்கையாகத் திரும்பியது யாருக்கும் ஞாபகம் வராது. ஒரு பயிற்சியாளர் அந்த மாலையில் செய்யவேண்டிய முதல் வேலை ஸ்கோர் தாளை விரித்துவைத்து, முதல் இன்னிங்ஸிலிருந்து படிக்கச் சொல்வது.

அந்த அணியில் இரண்டு பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் அந்த ஹோம் ரன் அடித்த ரெய்கா உட்சுகி. பெய்ஜிங்கில் ரென் யான்லி என்ற பெயரில் பிறந்து, ஜப்பானுக்கு வந்து, 1995இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். இன்னொருவர் ஹருகா சைட்டோ. இருவரும் இந்தக் கதையில் திரும்பி வருவார்கள், பயிற்சியாளர்களாக.

அங்கே இல்லாத பெண்

அன்று பிளாக்டவுனில் இல்லாத ஒருத்திதான் அடுத்த 21 வருடக் கதையின் நாயகி. யுகிகோ உவேனோ, 1982இல் ஃபுகுவோகாவில் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போதே வேகமான பிட்ச்சர் என்று பெயர். உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி வகுப்பில் உயரம் தாண்டும்போது கீழே விழுந்து இடுப்பு முதுகெலும்பு முறிந்தது. மைதானத்தில் பந்து வீசும்போது வந்த அடியல்ல, சாதாரண பி.டி. பீரியடில் வந்தது. சிட்னி கனவு அங்கேயே போயிற்று. எழுந்து நடந்தால் போதும் என்ற நிலையிலிருந்து மைதானத்துக்குத் திரும்பி, 2001இல் தகாசாகி நகர நிறுவன அணியில் சேர்ந்தார். ஜப்பானில் சாஃப்ட்பாலின் உயர்மட்டம் இப்படி நிறுவனங்களின் அணிகளால் ஆனது; வீராங்கனைகள் அந்த நிறுவனங்களின் ஊழியர்கள்.

அவர் வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. 2002 உலகக் கோப்பை இறுதியில் ஜப்பான் மறுபடி அமெரிக்காவிடம் தோற்றது, 1–0. 2004 ஏதென்ஸில் உவேனோ சீனாவுக்கு எதிராக ஒருத்தியைக்கூடப் பேஸுக்கு விடாமல் முழு ஆட்டம் வீசினார், ஆனாலும் ஜப்பானுக்கு வெண்கலம்தான். வெள்ளியிலிருந்து ஒரு படி கீழே. தோல்வியால் வளர்ந்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்த நான்கு வருடத்தை மெல்லத் தாண்டிவிடுவார்கள். வளர்ச்சி நேர்கோட்டில் ஏறவில்லை. அதே ஏதென்ஸில் அமெரிக்கா தொடர் முழுக்க 51 ரன் எடுத்து 1 ரன் மட்டுமே கொடுத்தது. அடுத்த வருடம் சிங்கப்பூரில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி சாஃப்ட்பாலை 2012இலிருந்து நீக்கியது. வாக்கு 52–52. பாதிக்கு மேல் வேண்டும் என்பது விதி. ஒரு வாக்கு குறைந்தது.

413 பந்து

பெய்ஜிங் 2008. முதல் சுற்றில் ஜப்பானை அமெரிக்கா 7–0 என்று நசுக்கியது. ஆகஸ்ட் 20ஆம் தேதி காலை மறுபடி அதே இருவர். 9 இன்னிங்ஸ், கிறிஸ்டல் பஸ்டோஸின் ஹோம் ரன், 4–1 அமெரிக்கா. ஆனால் இம்முறை ஜப்பான் இரண்டாம் இடத்தில் வந்திருந்ததால், சிட்னியில் கிடைக்காத அந்த இரண்டாவது வாய்ப்பு கையில் இருந்தது. அன்று மாலையே ஆஸ்திரேலியாவுடன் ஆட்டம். 12 இன்னிங்ஸ், 4–3 ஜப்பான்.

இரண்டு ஆட்டத்தையும் முழுக்க வீசியது உவேனோ. காலையில் 147 பந்து, மாலையில் 171. விரலில் கொப்புளம். மறுநாள் இறுதி ஆட்டத்தில் மறுபடி அவரே, 95 பந்து. மொத்தம் இரண்டு நாளில் 413. இறுதியில் ஜப்பான் 3–1. எரி யமாதா அடித்த ஹோம் ரன் ஒரு ரன். ஒலிம்பிக்கில் தொடர்ந்து 22 ஆட்டம் ஜெயித்திருந்த அமெரிக்கா அங்கே நின்றது. ஜப்பான் அணியின் பயிற்சியாளர் ஹருகா சைட்டோ.

தொடரில் இரண்டு முறை தோற்கடித்த எதிரியை மூன்றாவது முறை ஜெயிப்பது. சிட்னியில் அமெரிக்கா செய்ததன் மறுபக்கம்.

413 என்ற எண்ணை ஜப்பானில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டு எனக்கும் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் 26 வயதுத் தொழில்முறை வீராங்கனை, ஒலிம்பிக் தங்கம், சாஃப்ட்பாலுக்கு அதுவே கடைசி ஒலிம்பிக் என்று எல்லோரும் நினைத்த நேரம் என்ற மூன்றும் சேர்ந்த சூழலில் எடுத்த முடிவு அது. அதே முடிவைச் சனி ஞாயிறுப் பள்ளிப் போட்டியில் 15 வயதுப் பெண்ணை வைத்து எடுக்கிறவர்கள் நிறையப் பேர். “கீழிருந்து வீசுவதுதானே, தோளுக்கு ஒன்றும் ஆகாது” என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. காற்றாடிச் சுழற்சியில் தோளிலும் மேற்கை முன்தசையின் மேல்நுனியிலும் விழும் சுமை கணிசமானது என்று விளையாட்டு மருத்துவம் சொல்லிவருகிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பேஸ்பால் பையன்களுக்கு எத்தனை பந்து வீசலாம், எத்தனை நாள் ஓய்வு என்று 2017 முதல் ஒவ்வொரு மாநிலமும் வரம்பு வைத்தாக வேண்டும் என்று விதி வந்தது. சாஃப்ட்பால் பெண்களுக்கு அந்த விதி அப்போது வரவில்லை. நம் ஊர்ப் பள்ளி விளையாட்டிலும் சாஃப்ட்பால் இருக்கிறது. ஒரு நல்ல பிட்ச்சர் கிடைத்தால் அவளையே காலையும் மாலையும் நிறுத்துவது எங்கேயும் நடப்பதுதான். பெய்ஜிங்கிலிருந்து பள்ளிக்குக் கொண்டுபோகக் கூடாதது என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

மறுபடி ஒரே கை

ஜெயித்த அணியும் தவறான பாடம் படிக்கும். உவேனோ இருந்தால் போதும் என்பது அப்படி ஒரு பாடம். 2012இலும் 2014இலும் ஜப்பான் உலகக் கோப்பையை வென்றது, இரண்டு இறுதியிலும் எதிரே அமெரிக்கா. 2018இல் சொந்த மண்ணில், சிபாவில் நடந்த உலகக் கோப்பை இறுதியில், 36 வயதில், அதே நாளில் ஏற்கெனவே ஒரு ஆட்டம் வீசிவிட்டு உவேனோ மறுபடி நின்றார். 10 இன்னிங்ஸ் போன ஆட்டத்தில் ஜப்பான் தோற்றது, 6–7. ஆறு ரன் எடுத்தும் தோல்வி. சிட்னியில் ரன் இல்லை. இங்கே ரன் இருந்தது, இரண்டாவது கை இல்லை. மறு வருடம் லீக் ஆட்டத்தில் பேட்டிலிருந்து வந்த பந்து உவேனோவின் தாடையை உடைத்தது. தோக்கியோ ஒலிம்பிக்குக்காக சாஃப்ட்பால் திரும்பி வரவிருந்த நேரம் அது.

அப்போது தேசிய அணியின் பயிற்சியாளர் ரெய்கா உட்சுகி. சிட்னியில் அந்த ஒரே ரன்னை அடித்தவர். தோக்கியோ அணிக்கு அவர் எடுத்தவர்களில் ஒருவர் இடக்கைப் பிட்ச்சர் மியு கோட்டோ, 20 வயது. 2001 மார்ச்சில் பிறந்தவர். பிளாக்டவுனில் கோசெகியின் கிளவுஸிலிருந்து பந்து நழுவியபோது அவர் பிறக்கவே இல்லை.

ஒரு வருடம் தள்ளிப்போய் 2021இல் நடந்த அந்த ஒலிம்பிக்கில், ஜூலை 22 அன்று, உவேனோவின் 39ஆவது பிறந்தநாளில், மெக்சிகோவுடனான ஆட்டம் கைநழுவப் பார்த்தது. உள்ளே வந்து காப்பாற்றியது கோட்டோ, 3–2. முதல் சுற்றின் கடைசி ஆட்டத்தில் அமெரிக்கா கடைசிப் பந்து ஹோம் ரன்னில் 2–1 என்று ஜெயித்தது. அந்தத் தோல்வி ஜப்பானை எதுவும் செய்யவில்லை. இரண்டு அணிகளும் ஏற்கெனவே இறுதிக்குத் தகுதி பெற்றிருந்தன.

ஜூலை 27, யோகோஹாமா. ஜப்பான் நான்காவது இன்னிங்ஸில் ஒன்று, ஐந்தாவதில் ஒன்று, 2–0. ஆறாவதில் உவேனோவுக்குப் பதில் கோட்டோ. அமெரிக்காவின் இரண்டு பேர் பேஸில் நிற்க, அமண்டா சிடஸ்டர் அடித்த பந்து தரையில் படாமல் நேரே மூன்றாவது பேஸ் பக்கம் பாய்ந்தது. அங்கே நின்ற யூ யமமோட்டோவின் கையில் அறைந்து பந்து தெறித்தது. சிட்னியைப் பார்த்தவர்களுக்கு வயிற்றில் ஏதோ புரண்டிருக்கும். தெறித்த பந்து தரைக்குப் போகும் முன், இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் மானா அட்சுமி பிடித்துவிட்டார், இரண்டாவது பேஸுக்கு எறிந்தார். பேஸை விட்டுக் கிளம்பியிருந்த ஓட்டக்காரியும் சிக்க, ஒரே பந்தில் இரண்டு அவுட்.

அது அதிர்ஷ்டம்தான். ஆனால் பந்து தன்னிடம் வராது என்று அட்சுமி அசையாமல் நின்றிருந்தால் அந்த அதிர்ஷ்டத்தை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இருந்திருக்காது. பள்ளி மைதானத்தில் நாள் முழுக்கக் கற்றுக்கொடுக்கக்கூடியது இது ஒன்றுதான்: பந்து பக்கத்துப் பெண்ணிடம் போகும்போது நீ எங்கே போகிறாய்.

சாஃப்ட்பாலில் ஒரு விதி உண்டு. தொடக்கத்தில் ஆடிய வீராங்கனை வெளியேறினால் ஒரு முறை திரும்பி உள்ளே வரலாம். ஏழாவது இன்னிங்ஸில், ஒரு இன்னிங்ஸ் ஓய்வெடுத்த கையோடு, உவேனோ திரும்பி வந்தார். அமெரிக்காவுக்கு ரன் இல்லை. 2–0.